வண்டியில் குடித்தனம்: ஒரு ராத்திரி ஒத்திகை

எங்கள் ஊர் ஓசூர். தமிழ்நாட்டின் மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடகம். பெங்களூர் நாற்பது கிலோ மீட்டர்தான். காய்கறிக்காரியிடம் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சண்டை போட்டுவிட்டு வரலாம்! 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது. லாரி செய்கிற அசோக் லேலண்டும், கைக்கடிகாரம் செய்கிற டைட்டனும் அந்தப் பத்தாண்டுகளில்தான் வந்து சேர்ந்தன. அதனால் எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் சமையல், தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாமே ஷிப்ட் நேரத்தை அனுசரித்துத்தான் நடக்கும்.

என் கணவரும் அப்படி ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஷிப்ட் பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு ஒரு வருடம் இந்தியாவைச் சுற்ற வேண்டுமாம்! அமெரிக்காவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் வீடு போன்ற வண்டியில் ஊர் ஊராகப் போய் வாழ்கிறார்களே, அந்த மாதிரி. எங்கள் ஊர் வழியாகப் போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் ஆரம்பித்துக் கன்னியாகுமரியில் முடிகிறது. மூவாயிரத்து எழுநூறு கிலோ மீட்டருக்கும் மேல். "நம்ம வாசல் ரோட்டுல வண்டியை விட்டா, இந்தப் பக்கம் குமரி, அந்தப் பக்கம் காஷ்மீர்! வழியே கேட்க வேண்டாம்" என்பார்.

பேச்சோடு நிற்கவில்லை. ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கியும் விட்டார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்துக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பட்டறையில் கணக்குப் போட்டு வாங்கி வந்தார். அந்தப் பணத்துக்காக எங்கள் வீட்டை லீசுக்கு விட்டுவிடலாம் என்றார். பெண் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். "நாம ரெண்டு பேர்தானே, வீடு எதுக்கு?" என்பது அவர் கேள்வி.

எனக்கும் ஊர் பார்க்க ஆசை உண்டு. இருபது வருடமாகச் சமையலறை ஜன்னல் வழியாக லாரி போவதைப் பார்த்தவளுக்கு இருக்காதா? ஆனால் இவர் போட்ட கணக்கில் டீசல் இருந்தது, டயர் இருந்தது, சுங்கச்சாவடிக் கட்டணம் இருந்தது. பாத்திரம் யார் கழுவுவது, துணி எங்கே காய்வது, ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைக் கலக்கினால் எங்கே போவது என்பதெல்லாம் இல்லை. வீட்டை விட்டுப் போகலாம். வீட்டு வேலை நம்மை விட்டுப் போகுமா, சொல்லுங்கள்!

'பெண் பார்க்காமல் கல்யாணமா?'

என் சிநேகிதி ஒருத்தி பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அதனால் எனக்கு அவள் 'அக்கா'. வீட்டில் பேசுவது தெலுங்கு. சின்னதாக ஒரு ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறாள். விடியுமுன் தானே வேன் ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகிறவள். அவளிடம் என் கவலையைச் சொன்னேன்.

"பொண்ணு பார்க்காம யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா? பட்டறைக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அந்த வண்டியில படுத்துப் பாரு. நானும் வர்றேன். காதலர் தினம் முடிஞ்சாச்சு, பூ வேலை இப்ப கம்மிதான்" என்றாள்.

இவரும் கூட வருகிறேன் என்று கிளம்பினார். அக்கா விடவில்லை. "நீங்க வந்தா நீங்க ஓட்டுவீங்க, இவ பின்னால உட்கார்ந்து காப்பி கலந்து குடுப்பா. அதுக்கு வீடே போதுமே!" என்று சொல்லிவிட்டாள். இவருக்கு முகம் சுண்டிப்போனாலும் சாவியைக் கொடுத்தார்.

வேனில் எதையும் பிரிக்கவில்லை, மாற்றவில்லை. இருக்கைகளின் மேல் பலகை போட்டு மெத்தையை விரித்தோம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஐந்து கிலோ காஸ் சிலிண்டரும் ஒற்றை அடுப்பும், சின்ன குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டு, ராகி மாவு, அரிசி, பருப்பு, வெங்காயம், புளிக்காய்ச்சல், கொசுவலை, டார்ச் லைட், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர் என்று எழுதி வர வேண்டும் என்பது என் தீர்மானம்.

நுரையோடு வந்த ஆறு

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஓசூர் மேட்டுப்பாங்கான ஊர் என்பதால் அப்போதும் குளிர் இருந்தது. எதிரே தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

பேரண்டப்பள்ளி அருகே தென்பெண்ணை ஆற்றுப் பாலம் வருகிறது. இந்த ஆறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைத் தாண்டிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீர் இதில் கலப்பதால் கெலவரப்பள்ளியில் தண்ணீர் திறக்கும்போது வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி வரும். படங்களில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கும் பாறை இடுக்குகளில் நுரை ஒட்டிக்கொண்டு நின்றது. "பெங்களூருல யாரோ பாத்திரம் கழுவினது நம்ம ஊர்ல வந்து நிக்குது பாரு" என்றாள் அக்கா. வண்டியில் குடித்தனம் நடத்துகிறவர்கள் கழுவுகிற தண்ணீரும் எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும்? நோட்டில் முதல் வரியாக 'கழிவு நீர் எங்கே?' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது சானமாவு காடு. குளிர் காலத்தில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து தளி, ஜவளகிரி காடுகள் வழியாக யானைக் கூட்டங்கள் இங்கே வரும். ராகி அறுவடைதான் அவற்றுக்கு விருந்து. நெடுஞ்சாலையையே கூட்டமாகக் கடந்து போகும். மர நிழல் அழகாக இருக்கிறதே, நிறுத்தி டிபன் சாப்பிடலாமே என்று நமக்குத் தோன்றும். அக்கா வண்டியை நிறுத்தவே இல்லை. "நிழல் நல்லா இருந்தா யானைக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

நம் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

சூளகிரியைத் தாண்டியதும் எனக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. சாலையோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நிறுத்தினோம். பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஊரில் இல்லை! அடுத்த இடத்தில் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. மூன்றாவது இடம் ஒரு பெட்ரோல் பங்க். சுத்தமாக இருந்தது, தண்ணீரும் வந்தது. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. டீசல் போட்டால்தான் என்று இல்லை. தைரியமாகக் கேளுங்கள்.

வெளியே கிளம்பினால் நம்மில் எத்தனை பேர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம்? அக்காவும் பல வருடம் அப்படித்தான் இருந்தாளாம். இரவு இரண்டு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவள், திரும்பி வருகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். கடைசியில் சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்து, குளிர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள். "தண்ணியும் குடிக்கணும், அடக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. ரோட்டுல எங்க போறதுன்னு மட்டும் அவங்க சொல்லலே" என்று சிரித்தாள். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு. அதனால் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், மணிக்கணக்கில் அடக்குவதும் அதற்கு வசதி செய்து கொடுத்த மாதிரி. எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போல் இருப்பது, அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

அந்த மூடி வாளி இதற்குத்தான். அடியில் மரத்தூள், மேலே கெட்டியான பிளாஸ்டிக் பை, உட்கார ஒரு வளையம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் வண்டிக்குள்ளேயே அவசரத்துக்கு ஆகும். மேலே ஒரு கை மரத்தூள் போட்டு மூடிவிட்டால் வாடை இல்லை. வீடு திரும்பியதும் கழிப்பறையில் கொட்டிச் சுத்தம் செய்தோம். வயலிலோ ஆற்றிலோ கொட்டுவது பாவம். பட்டறைக்காரர் போட்ட கணக்கிலேயே பெரிய செலவு கழிப்பறைதான். வாளியோடு ஒரு நாளை ஓட்டிய பிறகுதான், கழிப்பறை ஆடம்பரம் இல்லை, வண்டியில் முதலில் வைக்க வேண்டியதே அதுதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இருபத்தைந்து லிட்டர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய ஐம்பது கிலோ மீட்டர். இறக்கமான பாதை. குளிர் போய் வெயில் ஏறுவது உடம்பிலேயே தெரியும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்றன. சென்னை, பெங்களூர், சேலம், புதுச்சேரி என்று நாலாபுறமும் போகிற சாலைகள் கூடுகிற ஊர் அது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமானது. மாம்பழத்துக்குப் பேர்போனது. பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் இங்கே நிறைய உண்டு. நாங்கள் போனபோது சாலையின் இரு பக்கமும் மாமரங்கள் பூவும் பிஞ்சுமாக நின்றன.

அங்கிருந்து கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் கட்டிய அணை. காலையில் பாறையில் நுரையோடு பார்த்தோமே, அதே ஆற்றுத் தண்ணீர்தான் இங்கே ஏரி மாதிரி விரிந்து கிடக்கிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலுக்குப் பாய்கிறது. அணைக்கு வெளியே, சாலையோர மர நிழலில் வண்டியை நிறுத்திச் சமைத்தோம். அடுப்பை வண்டிக்கு வெளியே, காற்றுக்கு மறைவாகத் தகரம் வைத்துப் பற்றவைத்தோம். ராகி களி, கீரைக் கடைசல். ஒரே குக்கரில் அடியில் கீரையும் பருப்பும், மேல் கிண்ணத்தில் ஒரு பிடி சாதமும் வைத்து இறக்கிவிட்டு, வாணலியில் களி கிண்டினேன். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. வீட்டில் ஆகிற நேரத்தைவிடக் குறைவு. ஆனால் பொருளை எடுத்து வைக்கவும் திரும்ப அடுக்கவும் நாற்பது நிமிடம்!

மாலைக்குள் தண்ணீர்க் கணக்கைப் பார்த்தேன். இரண்டு பேருக்குக் குடிக்க ஆறு லிட்டர், சமைக்க நாலு, பாத்திரம் கழுவ ஒன்பது, கை கால் முகம் கழுவ ஆறு. ஆக இருபத்தைந்து லிட்டர், குளிக்காமலே! வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ராத்திரி வேறு முறை செய்தோம். மந்தார இலையில் சாப்பிட்டோம். பாத்திரத்தைப் பழைய காகிதத்தால் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு கழுவினோம். ஒன்பது லிட்டர் நாலானது. கழுவிய நீரை வடிகட்டி ஒரு கேனில் பிடித்துவைத்து, மறுநாள் அக்காவின் தோட்டத்தில் ரோஜாச் செடிக்கு ஊற்றினோம். காலையில் எழுதிய கேள்விக்குப் பக்கத்தில் பதிலையும் எழுதினேன்: 'கேன், வடிகட்டி, செடி.'

அமெரிக்கா மாதிரி நாடுகளில் இந்த வண்டிகளுக்கென்றே தங்குமிடங்கள் உண்டு. தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுநீரை வெளியேற்றும் வழி எல்லாம் அங்கே இருக்கும். நம் பக்கத்தில் கேரள அரசு 2021ல் இத்தகைய சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாங்கள் போன வழியிலோ கண்ணில் பட்டவை பெட்ரோல் பங்குகளும் லாரி நிறுத்தங்களும்தான். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து நம் குடும்பத்துக்குக் கணக்குப் போட முடியாது, இல்லையா?

லாரிக்காரர் சொன்ன சட்டம்

காவேரிப்பட்டினத்துக்குப் போய் நிப்பட்டு வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்கு முன்பே கிருஷ்ணகிரிக்குத் திரும்பினோம். நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டோம். "ரெண்டு பொம்பளைங்க, ராத்திரி மட்டும் தங்கிக்கறோம்" என்றதும் மேனேஜர் ஆபீஸ் வெளிச்சம் விழுகிற இடத்திலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார். காமிரா பார்வையும் அங்கே இருந்தது. வண்டியின் மூக்கை வெளிப்பக்கம் பார்த்து நிறுத்தினாள் அக்கா. ஏதாவது என்றால் திருப்ப வேண்டாம், நேராகப் போய்விடலாம். இருக்கிற இடத்தை இவருக்குப் போனில் அனுப்பினேன்.

எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நாமக்கல் லாரி. இரண்டு டிரைவர்கள். மூத்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். லாரியின் பக்கவாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தார்கள். அதற்குள் அடுப்பு, பாத்திரம், அரிசி டப்பா, மசாலா டப்பா எல்லாம் அசையாமல் அடைத்து வைத்திருந்தது. பத்து நிமிடத்தில் உலை கொதித்தது. பார்க்கப்போனால் நம் நாட்டில் வண்டியில் குடித்தனம் நடத்துகிறவர்கள் இவர்கள்தானே! மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் நடத்துகிறார்கள். நாங்கள் நிப்பட்டு கொடுத்தோம், அவர்கள் மிளகு ரசம் கொடுத்தார்கள்.

"எடுத்ததை எடுத்த இடத்துல வெக்கலேன்னா, முதல் வளைவுல அது நம்ம தலை மேல இருக்கும்மா" என்றார் பெரியவர்.

"சமையல் யாருண்ணே?" என்று கேட்டேன்.

"வண்டி ஓட்டிட்டு இறங்கினவன் சமைக்க மாட்டான். சமைச்சவன் பாத்திரம் கழுவ மாட்டான். இது எங்க வண்டிச் சட்டம். இது இல்லேன்னா ரெண்டாம் நாளே சண்டைதான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நோட்டை எடுத்தேன்.

தூக்கத்தில் வருகிற ஆபத்து

ராத்திரி சுகமாகத் தூங்கினோம் என்று சொல்ல மாட்டேன். பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டி. பத்து மணிக்குக்கூடக் கூரை சூடாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கொசு, பயம். மூடினால் புழுக்கம். நாலு விரல் அளவு இரண்டு பக்கமும் திறந்து வைத்து, கொசுவலையை உள்பக்கமாகக் கட்டினோம். லாரிகள் வந்தும் போயும் கொண்டிருந்தன.

"ஏசியைப் போட்டுக்கிட்டுப் படுக்கலாமே" என்று நான் கேட்டபோது அக்கா கண்டிப்பாக மறுத்தாள். "இன்ஜினை ஓட விட்டுட்டுத் தூங்கவே கூடாது." அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்ற ஒரு காரவானுக்குள் இரண்டு ஆண்கள் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. நம் ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பதும், கதவை மூடிக்கொண்டு காஸ் அடுப்பில் சமைப்பதும் இதே ஆபத்துதான். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் நாங்கள் படுக்குமுன் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரையும் வெளியே எடுத்து வைத்தோம்.

ஊட்டி, கொடைக்கானல் என்று குழந்தைகளோடு காரில் போகிற இளம் தாய்மார்களும் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை தூங்குகிறதே என்று ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓடுகிற வண்டியில் விட்டுப் போகாதீர்கள்.

ராயக்கோட்டை வழியாகத் திரும்பி

காலையில் பங்கிலேயே முகம் கழுவி, காப்பி கலந்து குடித்துவிட்டு, நெடுஞ்சாலையை விட்டு ராயக்கோட்டை வழியில் திரும்பினோம். ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர்போன ஊர். மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. ஊருக்கு மேலே பாறை மலையில் பழைய கோட்டை இருக்கிறது. மைசூர்ப் போரின்போது 1791ல் திப்பு சுல்தானின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. பாதி தூரம் ஏறினோம். முழங்கால் 'போதும்' என்றது. அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து, மீதி இருந்த நிப்பட்டைத் தின்றுகொண்டே கீழே தெரிந்த வயலையும் ரயில் பாதையையும் பார்த்தோம். காற்று அப்படி வீசியது! வேலை எதுவும் இல்லாமல் ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தேன். இந்தச் சுகத்துக்காகத்தான் இவர் வண்டி வண்டி என்று பறக்கிறார் என்பதும் அப்போது புரிந்தது.

உத்தனப்பள்ளி வழியாக மதியத்துக்குள் ஓசூர் வந்துவிட்டோம். மொத்தம் நூற்றைம்பது கிலோ மீட்டர்கூட இல்லை.

இவர் ஆவலாக, "எப்படி, வண்டி நல்லா இழுத்துதா?" என்று கேட்டார். நான் நோட்டைக் கையில் கொடுத்தேன். ஒன்றரை நாளில் இரண்டு பேர் செய்த வேலைகளை முப்பத்தோரு வரியில் எழுதியிருந்தேன். தண்ணீர் பிடித்தது, சுமந்தது, படுக்கையைச் சுருட்டியது, விரித்தது, குப்பையைக் கட்டியது, வாளி சுத்தம் செய்தது என்று. அவர் முழுக்கப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதுல பாதி என் பேர்ல எழுது" என்றார் கடைசியில்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பேசினோம். வீட்டை லீசுக்கு விடுவதில்லை என்று முடிவாயிற்று. உடம்புக்கு முடியாவிட்டாலோ, பெண் விடுமுறைக்கு வந்தாலோ வந்து விழ ஒரு கூரை வேண்டும். ஒரு வருடம் என்பதைப் பதினைந்து நாள் என்று ஆக்கினோம். அது ஒத்துவந்தால் அடுத்தது ஒரு மாதம். வண்டிக்குள் கட்டில், அலமாரி, சின்னக் கழிப்பறை மூன்று மட்டும். சமையல் வெளியேதான். தண்ணீரும் கழிப்பறைச் சுத்தமும் அவர் பொறுப்பு. நாமக்கல்காரரின் சட்டமும் எங்கள் வண்டிக்கு வந்துவிட்டது. நான் ஓட்டப் போவதில்லை என்பதால் காலை, மதியம் நான் சமைப்பேன், அவர் கழுவுவார். ராத்திரிச் சமையல் அவருடையது, நான் கழுவுவேன். இப்போது வீட்டிலேயே களி கிண்டப் பழகிக்கொண்டிருக்கிறார். கட்டி தட்டுகிறது, பரவாயில்லை, சாப்பிடுகிறோம்!

கிளம்ப நினைக்கும் சகோதரிகளுக்கு

* வண்டியில் கட்டில், அடுப்பு வைத்து மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் தகராறு வரும்.
* முதல் இரவை வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் திரும்பி வரக்கூடிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.
* இருட்டுவதற்குள் நிறுத்துமிடம் தேடிவிடுங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள்.
* தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. எண்களை வண்டிக்குள் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.
* தினமும் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் மருந்தை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.
* கைக்குழந்தை இருந்தால் கொதித்து ஆறிய நீருக்கென்று தனி பிளாஸ்க் வேண்டும். அழுக்குத் துணிக்குக் காற்றுப் புகாத பை ஒன்றும் வேண்டும்.
* போகுமுன் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பேர் போடுங்கள். எல்லா வரியிலும் உங்கள் பேரே வந்தால், ஒரு வாரம் கழித்துக் கிளம்பினாலும் தப்பில்லை.

சித்திரை பிறந்ததும் நாங்கள் கிளம்புகிறோம், முதலில் தெற்கே. அக்கா அவள் வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்ட வேண்டும் என்று வாங்கிப் போயிருக்கிறாள். கிளம்புவதற்குள் திருப்பி வாங்க வேண்டும். அதில்தான் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது!